ஏ.ஆர். காப்பியில் தொடங்கும் வழக்கு

(சாலை விபத்து இழப்பீடு பற்றிப் பாளையங்கோட்டையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இந்தப் பாளையங்கோட்டையில் இரண்டு இடங்களுக்கு நடுவேதான் என் வக்கீல் தொழில் நடக்கிறது. ஒன்று ஐகிரவுண்டு பெரிய ஆஸ்பத்திரி. இன்னொன்று நம்ம கோர்ட் வளாகம். நாலுவழிச் சாலையில் வள்ளியூர்ப் பக்கமோ கங்கைகொண்டான் பக்கமோ அடிபட்டவரை 108 வண்டி முதல் இடத்துக்குக் கொண்டுவருகிறது. அதே ஆள் சில மாதம் கழித்து ஊன்றுகோலோடு இரண்டாவது இடத்துக்கு வருகிறார். இடைப்பட்ட காலத்தில் என்னென்ன காகிதம் அவர் கைக்கு வந்தது, எதெது தொலைந்தது என்பதை வைத்துத்தான் அவருக்குக் கிடைக்கப்போகும் தொகை பெரும்பாலும் முடிவாகிறது. கோர்ட்டில் நாங்கள் கத்துவது அதற்குப் பிறகுதான்.

2022-ஆம் ஆண்டில் மட்டும் தமிழ்நாட்டில் 64,105 சாலை விபத்துகள். நாட்டிலேயே நாம்தான் முதலிடம். அந்த ஒரு வருடத்தில் இறந்தவர்கள் 17,884 பேர். கைகால் போனவர்களும் படுக்கையில் விழுந்தவர்களும் இந்த எண்ணிக்கையில் இல்லை. இன்று நான் பேசப்போவது முக்கியமாக அவர்களைப் பற்றி.

நஷ்டஈடு என்றதும் நம் ஆட்கள் மனதில் இரண்டு எண்ணம் வரும். ஒரு சாரார், "ரத்தம் சிந்துன காசு, நமக்கு வேண்டாம்" என்பார்கள். இன்னொரு சாரார் பெரிய பரிசு விழுந்த மாதிரி பேசுவார்கள். இரண்டும் தப்பு. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 166-ஆம் பிரிவின்கீழ் தீர்ப்பாயம் கொடுப்பது தர்மமும் இல்லை, அதிர்ஷ்டமும் இல்லை. அது கூட்டல் பெருக்கல் கணக்கு. கணக்கின் ஒவ்வொரு எண்ணுக்கும் ஆதாரம் கேட்பார்கள். ஆதாரம் உள்ளவருக்குக் கூடும், இல்லாதவருக்குக் குறையும். இதில் அதிகம் நஷ்டப்படுவது யார் என்றால், தினமும் உழைத்தும் அந்த உழைப்புக்கு ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லாதவர்கள். பீடி சுற்றுகிற பெண்கள், கொத்தனார், டீ மாஸ்டர், வீட்டு வேலை மட்டும் பார்க்கிற அம்மா. ஆகவே இன்றைய பேச்சு முழுக்கக் காகிதத்தைப் பற்றியதுதான். சுவாரசியம் குறைவாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் காகிதம் ஆஸ்பத்திரியில் பிறக்கிறது. அடிபட்டவரைக் கேஷுவாலிட்டியில் இறக்கியதும் டியூட்டி டாக்டர் ஒரு பதிவேட்டில் எழுதுவார்: எத்தனை மணிக்கு, எந்த இடத்தில், எந்த வண்டி, யார் கொண்டுவந்தது, என்னென்ன காயம். அதன் நகலைத்தான் எல்லோரும் ஏ.ஆர். காப்பி என்கிறோம். அந்த நேரத்தில் டாக்டர் "எப்படிப்பா ஆச்சு?" என்று கேட்பார். கூட வந்த மச்சானோ சித்தப்பாவோ, போலீஸ் கேஸ் ஆகிவிடுமே, வைத்தியம் பார்க்கத் தாமதமாகுமே என்ற பயத்தில், "பைக்ல போகும்போது தானா விழுந்துட்டான் சார்" என்று சொல்லிவிடுவார். டாக்டரும் அப்படியே எழுதிவிடுவார். இரண்டு வருடம் கழித்து இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீல் குறுக்கு விசாரணையில் முதலில் எடுத்து நீட்டுவது அந்த ஒரு வரியைத்தான். கார் இடித்தது உண்மை, கார் நம்பர் உண்மை, சாட்சி உண்மை. ஆனாலும் சம்பவம் நடந்த சூட்டில் சொன்ன சொல்லை அழிக்க நாங்கள் படும் பாடு கொஞ்சநஞ்சமில்லை. டாக்டரிடம் நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். வண்டி நம்பர் தெரிந்தால் சொல்லுங்கள், தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லுங்கள்.

வைத்தியச் செலவுக்குப் பயந்து பொய் சொல்லத் தேவையே இல்லை. 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கிய "இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48" திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசே ஏற்கிறது. முதலில் ஒரு லட்சம் என்று இருந்த வரம்பைப் பிறகு இரண்டு லட்சமாக்கினார்கள். திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனைக்கும் அது பொருந்தும். 2025 மே மாதம் ஒன்றிய அரசும் ஒன்றரை லட்சம் வரை, ஏழு நாளைக்குக் கட்டணமில்லாச் சிகிச்சைத் திட்டம் கொண்டுவந்தது. அந்தத் திட்டத்தை விரைவாகக் கொண்டுவரும்படி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்ட வழக்கைத் தொடுத்தவர் கோயம்புத்தூர் எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன். 2012-இல் போட்ட மனு அது. ஒரு டாக்டர் கோர்ட் படியேறி வாங்கித் தந்ததை நாம் தெரிந்துகொள்ளாமல் இருக்கலாமா?

இரண்டாவது காகிதம் ஸ்டேஷனில் பதியும் எஃப்.ஐ.ஆர். இங்கேதான் நம் ஊர்ப் பழக்கம் ஒன்று குறுக்கே வருகிறது. இடித்த பையனின் அப்பா ஆஸ்பத்திரிக்கே வந்து கையைப் பிடித்துக்கொள்வார். "அண்ணாச்சி, பையனுக்குக் கல்யாணம் பேசியிருக்கு. ஆஸ்பத்திரிச் செலவை நாங்க பாத்துக்கிடுதோம். கேஸ் மட்டும் வேண்டாம்." ஊர்ப் பெரியவர் ஒருவரும் கூட வருவார். நம்மவரும் இரக்கப்பட்டு, "சமாதானமாகப் போகிறோம்" என்று எழுதிக் கொடுத்துவிடுவார். கையில் ஒரு சிறு தொகை வரும். ஆறாவது வாரம் எலும்பு கூடவில்லை என்று தெரியும். பிளேட்டு வைக்க ஒரு ஆபரேஷன், பிறகு அந்தப் பிளேட்டை எடுக்க ஒரு ஆபரேஷன். அப்போது அந்த அப்பா போனை எடுக்க மாட்டார்.

அந்தப் பையன் மேல் எனக்கும் கோபமில்லை. ஆனால் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். வண்டிக்கு இன்சூரன்ஸ் இருந்தால் இழப்பீடு போவது அந்தக் குடும்பத்தின் பணத்திலிருந்து இல்லை. அவர்கள் வருடா வருடம் பிரீமியம் கட்டியதே இதற்காகத்தான். குற்ற வழக்கு அவனுக்கு ஒரு தொந்தரவுதான், இல்லையென்று சொல்லமாட்டேன். அதற்காக உங்கள் கால் வீணாகப் போகவேண்டியதில்லை. எஃப்.ஐ.ஆர். தாமதமாகிவிட்டதா? சோர்ந்துவிடாதீர்கள். உயிருக்குப் போராடும் ஆளைப் பார்ப்பதா, ஸ்டேஷனுக்கு ஓடுவதா என்ற நிலைமை நீதிமன்றத்துக்கும் தெரியும். தாமதம் ஒன்றையே காரணமாக வைத்து மனுவைத் தள்ளக்கூடாது என்று 2011-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஓட்டுநர் குற்ற வழக்கில் விடுதலையானாலும் இழப்பீட்டு மனு தானாகச் சாகாது. அங்கே சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டும், இங்கே நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்று காட்டினால் போதும்.

2022 ஏப்ரல் முதல் புது விதிகள் வந்துவிட்டன. போலீஸ் 48 மணி நேரத்தில் முதல் விபத்து அறிக்கை, 50 நாளில் இடைக்கால அறிக்கை, 90 நாளில் விரிவான அறிக்கை தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும். ஏட்டில் அழகாக இருக்கிறது. ஸ்டேஷனில் ஆள் பற்றாக்குறை என்பது நம் எல்லோருக்கும் தெரிந்த கதை. அதனால் எஃப்.ஐ.ஆர்., மகஜர், வரைபடம், மோட்டார் வாகன ஆய்வாளரின் (எம்.வி.ஐ.) ரிப்போர்ட், இடித்த வண்டியின் ஆர்.சி., இன்சூரன்ஸ், ஓட்டியவர் லைசென்ஸ் ஆகியவற்றின் நகலை நீங்களே கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது.

இனி கெடு. மனுப் போட ஆறு மாதம். 1988 சட்டத்தில் இந்தக் கெடு இருந்தது, 1994 திருத்தத்தில் எடுத்தார்கள், 2019 திருத்தத்தில் திரும்பவும் கொண்டுவந்து 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறைப்படுத்தினார்கள். என் கருத்தைக் கேட்டால், இது ஏழை வயிற்றில் அடிக்கிற விதி. தொடை எலும்பு முறிந்தவர் எழுந்து நடக்கவே ஆறு மாதம் ஆகும். இதை எதிர்த்த வழக்குகள் உச்ச நீதிமன்றத்தில் இருக்கின்றன. காலதாமதத்தைச் சொல்லி மனுக்களைத் தள்ள வேண்டாம் என்று 2025 நவம்பரில் ஓர் இடைக்கால உத்தரவும் வந்தது. இடைக்கால உத்தரவை நம்பி வீட்டில் உட்காராதீர்கள். வட்டியும் பெரும்பாலும் மனுப்போட்ட நாளிலிருந்துதான் ஓடும். தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் அந்த வட்டி போகிறது.

எங்கே போடுவது? விபத்து நடந்த ஊரில்தான் என்பதில்லை. நீங்கள் குடியிருக்கும் ஊரிலும் போடலாம். திருப்பூரில் வேலை பார்க்கும்போது அடிபட்டாலும், குடும்பம் இங்கே சமாதானபுரத்தில் இருந்தால், இந்தக் கோர்ட்டிலேயே மனுப் போட்டு எம்.சி.ஓ.பி. நம்பர், அதாவது இழப்பீட்டு மனு எண், வாங்கலாம்.

இப்போது கணக்குக்கு வருவோம். ஒரு கொத்தனாரை எடுத்துக்கொள்ளுங்கள். கற்பனை ஆள்தான், ஆனால் நீங்கள் எல்லோரும் அறிந்தவர். வயது 32. மாதம் 15,000 ரூபாய் சம்பாதித்தார் என்று நிரூபித்துவிட்டார். 2017-இல் பிரணய் சேத்தி வழக்கில் அரசியல் சாசன அமர்வு, 40 வயதுக்குக் கீழே உள்ள சுயதொழில்காரருக்கு எதிர்கால வருமான உயர்வுக்காக 40 சதவீதம் கூட்டச் சொன்னது. 15,000 இப்போது 21,000 ஆகிறது. வருடத்துக்கு 2,52,000. 2009-இல் சரளா வர்மா வழக்கில் வயதுக்கேற்ற பெருக்கு எண் அட்டவணை ஒன்றைக் கொடுத்தார்கள். 31 முதல் 35 வயதுக்கு 16. பெருக்கினால் 40,32,000. அவருடைய சம்பாதிக்கும் திறனில் 30 சதவீதம் போய்விட்டது என்று தீர்ப்பாயம் முடிவுசெய்தால், அந்த ஒரு தலைப்பில் மட்டும் 12,09,600 ரூபாய். மருத்துவச் செலவு, வலி வேதனை, துணைக்கு இருந்த ஆளின் கூலி, போக்குவரத்து, சத்துணவு எல்லாம் தனி.

அதே கொத்தனார், அதே கால், அதே டாக்டர். வருமானத்துக்கு ஆதாரம் இல்லை. தீர்ப்பாயம் உத்தேசமாக 8,000 என்று எடுத்துக்கொண்டது. கணக்கைத் திரும்பப் போடுங்கள். 6,45,120 வரும். வித்தியாசம் 5,64,480 ரூபாய். வருமானத்துக்கு ஒரு சான்று இல்லாததன் விலை அது.

அந்தச் சான்று எங்கே கிடைக்கும்? மேஸ்திரி வைத்திருக்கும் சம்பள நோட்டு. சனிக்கிழமை சம்பளம் ஜிபேயில் வந்த பதிவு. கட்டுமானத் தொழிலாளர் நல வாரிய அட்டை. மகளிர் குழுவிலோ வங்கியிலோ மாதாமாதம் தவணை கட்டிய புத்தகம். வருமானம் இல்லாதவர் தவணை கட்ட முடியாது என்று நாங்கள் வாதாடலாம். மேஸ்திரியைக் கூண்டில் ஏற்றிச் சாட்சி சொல்லவைக்கலாம். இவை எதுவும் இல்லாவிட்டால்? குறைந்தபட்சக் கூலி அறிவிப்பைக் காட்டலாம். சம்பளச் சான்று இல்லை என்பதற்காக அந்தக் குறைந்தபட்சக் கூலியையே முடிந்த முடிவாகக் கொள்ள வேண்டியதில்லை என்றும் 2021-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

மேலப்பாளையம், முக்கூடல், ஆலங்குளம் பக்கத்துத் தாய்மார்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. சொளவை மடியில் வைத்துப் பீடி சுற்றுவது மருமகள். கம்பெனிக் கார்டு மாமியார் பெயரில். பி.எஃப். பிடிப்பதும் அவர் பெயரில்தான். மருமகள் அடிபட்டு விரல் மடங்காமல் போனால் கோர்ட்டில் அவர் "வேலை எதுவும் இல்லாதவர்". கார்டை உங்கள் பெயரில் வாங்குங்கள்.

வீட்டு வேலைக்கு மதிப்பு உண்டா? உண்டு. 1989-இல் ஜாம்ஷெட்பூரில் நடந்த தீ விபத்து வழக்கில், 2001-இல் உச்ச நீதிமன்றம் இல்லத்தரசியின் உழைப்புக்கு மாதம் 3,000 ரூபாய் மதிப்புப் போட்டது. 2021 ஜனவரியில் நீதிபதி என்.வி. ரமணா இன்னும் ஒரு படி மேலே போய், இல்லத்தரசிக்கும் வருமானம் கணக்கிட்டு அதற்கு எதிர்கால உயர்வும் சேர்க்க வேண்டும் என்று எழுதினார். "அவ சும்மாதான் வீட்ல இருந்தா" என்று சாட்சிக் கூண்டில் சொல்லும் கணவன்மார்களை நான் பார்த்திருக்கிறேன். அங்கே ஏறும்போதாவது அந்தப் பேச்சை விடுங்கள்.

ஊனத்தின் சதவீதம் பற்றி ஒரு பெரிய குழப்பம் இருக்கிறது. டாக்டர் 40 சதவீதம் என்று எழுதினால் 40 சதவீதப் பணம் என்று நினைக்கிறோம். 2010-இல் ராஜ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. உடம்பின் ஊனம் வேறு, சம்பாதிக்கும் திறனின் இழப்பு வேறு. இடது கை போன ஒருவர் தச்சராகவோ டிரைவராகவோ இருந்தால் பிழைப்பே போய்விட்டது, இழப்பு ஏறக்குறைய நூறு சதவீதம். அவரே அரசு அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்து வேலையும் நீடித்தால் வருமான இழப்பு இல்லாமலும் போகலாம். ஆகவே உங்கள் வேலை என்ன, அதை எந்தக் கையால், எப்படி உட்கார்ந்து, எவ்வளவு உயரம் ஏறிச் செய்தீர்கள் என்பதைத் தீர்ப்பாயத்திடம் விளக்கமாகச் சொல்ல வேண்டும். கொத்தனாருக்கு முழங்கால் மடங்கவில்லை என்றால் சாரத்தில் ஏற முடியாது. இதை வக்கீல் சொல்வதைவிட அவரே சொன்னால் நீதிபதிக்குப் புரியும். சிகிச்சையே பார்க்காத டாக்டர், கேட்டதும் தூக்கிக் கொடுக்கும் சான்றிதழ்களைப் பற்றியும் அதே தீர்ப்பு எச்சரிக்கிறது. சிகிச்சை பார்த்தவரிடமோ மெடிக்கல் போர்டிலோ வாங்குங்கள். சதவீதத்தைக் கூட்டி எழுதித் தருகிறேன் என்று ஒருவர் வந்தால், வந்த வழியே அனுப்பிவிடுங்கள்.

அடுத்து நம் ஜில்லாவுக்கென்றே உள்ள ஓர் ஆபத்து. பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோவிலுக்குக் குடும்பத்தோடு போகாதவர் இங்கே யார்? எப்படிப் போகிறோம்? பெரியவர்கள் காரில். மற்ற எல்லோரும், பொங்கல் பானை, விறகு, ஆட்டுக்கிடா எல்லாவற்றோடும் லோடு ஆட்டோவில். சரக்கு வண்டியில் சும்மா ஏறிப்போகும் ஆளுக்கு இன்சூரன்ஸ் கம்பெனி பொறுப்பில்லை என்று 2002-இலேயே உச்ச நீதிமன்றம் தீர்த்துவிட்டது. சரக்கின் சொந்தக்காரரோ அவருடைய பிரதிநிதியோ ஏறினால்தான் பாதுகாப்பு. பொங்கல் பானையைச் சரக்கு என்று வாதாடிப் பார்த்தவர்கள் உண்டு, அதிகம் எடுபடுவதில்லை. வண்டி கவிழ்ந்தால் உரிமையாளர் மேல் தீர்ப்பு வரும். அவரிடம் இருப்பது கடன் வாங்கி எடுத்த அந்த ஒரு வண்டிதான். சில வழக்குகளில் கம்பெனியை முதலில் கொடுக்கச் சொல்லிவிட்டு, உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளச் சொல்வார்கள். எல்லா வழக்கிலும் அது நடக்காது. வேன் வாடகை கூடுதல்தான். பிள்ளைகளை ஏற்றும்போது அதைப் பார்க்காதீர்கள்.

பைக்கிலும் இதே போல ஒன்று உண்டு. வெறும் மூன்றாம் நபர் பாலிசி என்றால் உங்கள் பைக்கின் பின்னால் உட்கார்ந்திருக்கும் மனைவிக்குப் பாதுகாப்புக் கிடையாது. பேக்கேஜ் பாலிசியில் உண்டு. ஓட்டியவர் தன் தவறால் விழுந்தால் 166-ஆம் பிரிவில் எதுவும் கிடைக்காது. உரிமையாளரே ஓட்டிச் சென்றால், 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மூன்று பேர் போனார்கள் என்பதற்காக மட்டும் தொகையைக் குறைக்க முடியாது, அதுதான் விபத்துக்குக் காரணம் என்று காட்ட வேண்டும் என்கிறது 2020 தீர்ப்பு. இதைக் கேட்டுவிட்டு மூன்று பேராகப் போகாதீர்கள் தம்பிமார்களே.

இடித்த வண்டி நிற்காமல் போய்விட்டால்? முதலில் டோல்கேட், பெட்ரோல் பங்க், கடைகளின் கேமராப் பதிவை எடுக்கச் சொல்லிப் போலீசிடம் உடனே எழுதிக் கொடுங்கள், நாள் போனால் பதிவு அழிந்துவிடும். வண்டி கிடைக்கவே இல்லையென்றால், விபத்து நடந்த தாலுகாவின் தாசில்தார் அல்லது கோட்டாட்சியரிடம் விண்ணப்பிக்கலாம். மரணத்துக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000. 2022 ஏப்ரலுக்கு முன் மரணத்துக்கே 25,000தான் இருந்தது. ஒரு மாதத்தில் வண்டி கிடைக்காவிட்டால் இந்தத் திட்டத்தைப் பற்றிப் பாதிக்கப்பட்டவருக்குப் போலீஸ் எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று 2024-இல் உத்தரவே போட்டாயிற்று. மேலே சொன்ன கோயம்புத்தூர் டாக்டரின் அதே வழக்கில்தான்.

இனி எங்கள் ஆட்களைப் பற்றி. சொல்லாமல் இறங்கினால் நியாயமில்லை. ஆஸ்பத்திரி வார்டுக்கே ஒருவர் வருவார். பழம் வாங்கிக்கொண்டு வருவார். "செலவு பூரா நம்ம வக்கீல் பாத்துக்கிடுவார், நீங்க கையெழுத்து மட்டும் போடுங்க, வர்றதுல இத்தனை பங்கு" என்பார். வழக்கின் தொகையில் பங்கு கேட்கக்கூடாது, ஆள் வைத்துக் கேஸ் பிடிக்கக்கூடாது என்று இந்திய பார் கவுன்சில் விதிகள் தெளிவாகச் சொல்கின்றன. ஃபீஸ் எவ்வளவு என்பதை முதலிலேயே பேசி முடிவுசெய்யுங்கள். வெற்றுத் தாளிலும் வெற்றுச் செக்கிலும் கையெழுத்துப் போடாதீர்கள். இழப்பீட்டை உரியவரின் வங்கிக் கணக்குக்கே நேரடியாக அனுப்ப வேண்டும் என்று 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் பொதுவாக அறிவுறுத்தியிருக்கிறது. அந்தக் கணக்கு உங்களுடையதாக இருக்கட்டும், பாஸ்புக்கும் உங்கள் கையிலேயே இருக்கட்டும்.

லோக் அதாலத்தில் முடித்துக்கொள்ளலாமா என்று பலர் கேட்கிறார்கள். பணம் சீக்கிரம் வரும். ஆனால் அங்கே முடிந்ததற்கு மேல்முறையீடு இல்லை. ஆகையால் நான் சொன்ன கணக்கை வீட்டில் ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டு, கம்பெனி சொல்லும் தொகை அதற்குப் பக்கத்தில் வந்தால் ஒத்துக்கொள்ளுங்கள். தீர்ப்பாயத்தில் தீர்ப்பு வாங்கியபிறகு தொகை குறைவு என்று தோன்றினால் 90 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போகலாம்.

அரசு பஸ் இடித்தால் மட்டும் கதை கொஞ்சம் மாறும். போக்குவரத்துக் கழகங்கள் இன்சூரன்ஸ் எடுப்பதற்குப் பதில் சொந்த நிதியிலிருந்து கொடுக்கச் சட்டம் அனுமதிக்கிறது. அந்த நிதி எப்போதும் தட்டுப்பாடு. தீர்ப்பு வந்தபிறகும் நிறைவேற்று மனுப் போட்டு, கோர்ட் அமீனா பஸ் ஸ்டாண்டுக்குப் போய்ப் பஸ்ஸை ஜப்தி செய்து, பயணிகள் இறங்கி நிற்க, மறுவாரம் பணம் வருகிறது. பத்திரிகையில் நீங்கள் அடிக்கடி பார்க்கும் செய்திதான். தன் குடிமகனுக்குக் கோர்ட் கொடுக்கச் சொன்ன பணத்தை ஜப்தி வராமல் ஓர் அரசு நிறுவனம் கொடுக்காதென்றால், அது வெட்கக்கேடு.

கடைசியாக, வக்கீல் வைக்கக் காசில்லை என்பவர்களுக்கு. நம் கோர்ட் வளாகத்திலேயே மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. 1987 சட்டத்தின் 12-ஆம் பிரிவின்படி பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதி மற்றும் பழங்குடி மக்கள், மாற்றுத்திறனாளிகள், தொழிலாளர்கள் ஆகியோருக்கு அங்கே வக்கீல் இலவசம். பெண்களிடம் வருமானம் எவ்வளவு என்றுகூடக் கேட்கக்கூடாது. ஏ.ஆர். காப்பி, எஃப்.ஐ.ஆர்., டிஸ்சார்ஜ் சம்மரி, மருந்துச் சீட்டுகள், ஆதார், வங்கிப் புத்தகம் இவற்றை ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு, ஆறு மாதத்துக்குள், கோர்ட் வேலை நாளில் எந்த நாளும் போகலாம்.